செத்த இருங்க மாமா

காலையில் மலாக்காவிலிருந்து அத்தை மகள் கமலா போனில் கூப்பிட்டாள். "பசியாறிட்டியா லா?" கும்பகோணத்தில் என்னை இப்படி யாரும் கேட்பதில்லை. என் நாக்கும் அந்த மலாக்காப் பேச்சை மறந்துவிட்டது.

மலாயா விடுதலையான மெர்டேக்கா வருஷம், அப்பா பிறந்த இந்தக் கும்பகோணத்திலிருந்துதான் அவள் மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வீட்டுக்கு வந்தாள். கோப்பி ஆற்றிக்கொண்டே, "செத்த இருங்க மாமா" என்பாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லும் தன் ஊர்ப் பேச்சைக் கேட்டு அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா!"

நானும் சொல்லிப் பார்த்தேன். "ஒனக்கு வராது, விடு" என்றார். அவள் ஆற்றிய கோப்பியை அன்று நான் தொடவில்லை.

பிறகு அவள் அங்கேயே வாழ்க்கைப்பட்டாள். என்னை இங்கே கட்டிக்கொடுத்தார்கள்.

பேச்சுக்கு நடுவே பால் பொங்கியது. "செத்த இருடி" என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லு லா!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

என் பேச்சை எடுத்துக்கொண்டது போதாதென்று, அப்பாவின் சிரிப்பையும் அவளே வைத்திருக்கிறாள்.