வீட்டுப் புகை என்று எழுதிய சீட்டு

எங்கள் காபெஸ் நகரில் காற்றுக்கு நிறம் உண்டு. கடற்கரை உரத் தொழிற்சாலை மூச்சுவிட்டால் மஞ்சள், இருமினால் பழுப்பு. போன வருடம் ஓர் ஆக்டோபஸ் கரையேறி, எட்டுக் கையாலும் முகத்தை மூடிக்கொண்டு மலைப் பக்கம் ஓடியதை நானே பார்த்தேன். அதை நம்ப வேண்டாம். சல்ஹாவைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

நாற்பத்தொரு வயது அவளுக்கு. பேரீச்சந்தோப்பில் மருதாணி இலை உதிர்த்துக் காயவைக்கிறவள். கணவன் அம்மார் அந்தத் தொழிற்சாலையிலேயே உர மூட்டை தைக்கிறான். ஒரே மகள் ரனீமுக்கு எட்டு வயது. அவள் நெஞ்சுக்குள் இரவு பகலாக ஒரு பூனை கத்திக்கொண்டிருக்கும்; சிரித்தால் மூச்சே முட்டும்.

தினமும் புகை இறங்கியதும் சல்ஹா ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணிப்பாள். அப்படியும் அழுகிய முட்டை நாற்றம் நுழைந்துவிடும். உடனே மண்சட்டியில் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, மகளின் படுக்கையைச் சுற்றி ஏழு தடவை காட்டுவாள். எங்கள் தெருவில் எல்லாத் தாயும் செய்வதுதான். நாற்றமும் போகும், கண்ணேறும் போகும்.

பக்கத்து வீட்டு ஹலீமா கேலி செய்வாள். "அடியே சல்ஹா, ஒன் வீட்டு வாசனையில என் கோழிங்க கல்யாண வீடுன்னு பயந்து முட்டையே போடமாட்டேங்குதுங்கடி!"

அப்புறம் தலைநகரிலிருந்து ஒரு டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளை மூச்சை அளக்கும் முள் வைத்த குழாயில் ஊதச் சொன்னார். வெளிக்காற்றால் கெட்ட நெஞ்சு என்று சீட்டில் எழுதினால் பேர் பட்டியலில் ஏறும், தலைநகர் மருத்துவமனையில் வைத்தியம். ரனீம் ஊதியதில் முள் அசையவே இல்லை.

"வீட்டுல என்ன பண்றீங்கம்மா?"

"நான் சும்மா இருப்பேனா டாக்டர்? தெனமும் சாம்பிராணி போட்டுடுவேன்."

அவர் பேனா ஓடியது. காரணம்: வீட்டுப் புகை.

"ஐயோ, தொழிற்சாலைன்னு எழுதுங்க! என் வீட்டுல ஒரு கைப்பிடி தணல்தானே?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க."

"விடு சல்ஹா," என்று அம்மார் காதோரம் கெஞ்சினான். "என் வேலைக்கு உலை வெச்சிடாத."

வெளியே வந்து விசாரித்தால், இருபத்திமூன்று தாய்மார் அதே உண்மையைப் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். இருபத்திமூன்று சீட்டிலும் அதே இரண்டு சொல். பட்டியலில் ஒரு பிள்ளை பேரும் இல்லை.

டாக்டரின் ஜீப் கிளம்பும்போது சல்ஹா மகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். "ஒரே ஒரு மூச்சு. இவ நெஞ்சுல காத வெச்சுக் கேட்டுட்டுப் போங்க."

அவர் இறங்கிவந்து கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு பையிலிருந்து ஓர் இன்ஹேலரை எடுத்து அவள் கையில் வைத்தார். சீட்டை மாற்றவில்லை.

இருநூறு முறை அழுத்தலாம் அதை. ரனீமின் உதடு நீலமானால்தான் சல்ஹா அழுத்துகிறாள். ஊர் மருந்துக்கடைகளில் அது தீர்ந்து ஒரு மாதமாகிறது.

நேற்றுத் தெருவில் ஒரு கழுதை தபால்காரரின் தொப்பியைத் தின்றது. ரனீம் சிரிக்கத் தொடங்கினாள். சல்ஹா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"சிரிக்காதடி கண்ணு. இன்னும் எட்டு அழுத்துதான் இருக்கு."