ஹாஜி ஓமான் வீட்டு வேகத்தடை

யாயன் வடிவமைத்த கம்ப்யூட்டர் கார் விளையாட்டில் யாரும் ஜெயிக்க முடியாது. காலையில் காரை எடுக்க வேண்டும், மனைவியை அலுவலகத்தில் விட வேண்டும், வழியில் கேஸ் சிலிண்டர் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். பந்தயம் இல்லை, துரத்தல் இல்லை. பண்டுங் நகரில் இவ்வளவையும் செய்து முடிப்பதே பெரிய சாகசம் என்பது அவர் கட்சி.

"இதுல த்ரில் எங்க இருக்கு பாக் யாயன்?" என்று, ஐயா என்பதற்கான 'பாக்' குறையாமல், கம்பெனி முதலாளி கேட்டார்.

"மழை நாள்ல, பள்ளிக்கூடம் விடுற நேரமா எடுத்து ஓட்டிப் பாருங்க."

முதலாளி ஓட்டிப் பார்த்தார். பாதி வழியில் கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அன்றே அனுமதி கிடைத்தது.

விளையாடுபவர் ஓட்டும் காரை அங்கிருந்த இளைஞர்கள் பார்த்துக்கொண்டார்கள். எதிரே வரும், குறுக்கே வரும், வரவே கூடாத இடத்திலிருந்து வரும் மற்ற வண்டிகள் எல்லாம் யாயன் பொறுப்பு. ஷேர் வேன்காரன் ஆள் ஏற்ற நடுரோட்டில் நிற்கும்போது முன்சக்கரத்தை எந்தப் பக்கம் ஒடித்து வைப்பான், யூ-டர்னில் விசில் ஊதி வண்டிகளைத் திருப்பிவிட்டுச் சில்லறை வாங்குகிறவன் யாரை முதலில் விடுவான், எந்த ஹாரன் நன்றி, எந்த ஹாரன் வசவு, எல்லாம் அவருக்கு அத்துபடி. ஓட்டலில் சாப்பிடும்போது ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார். தன் பேச்சுக்குத்தான் தலையாட்டுகிறார் என்று மனைவி நினிங் கல்யாணமான புதிதில் நம்பியிருந்தாள்.

விளையாட்டின் முதல் கட்டத்துக்குத் தன் சொந்தத் தெருவையே எடுத்துக்கொண்டார். வேறு தெரு என்றால் அனுமதி கேட்க வேண்டும். சொந்தத் தெருவுக்கு யாரைக் கேட்பது? இங்கேதான் அவர் கணக்கு தப்பியது.

அந்தத் தெருவில் ஆளாளுக்குத் தன் வீட்டு வாசலில் சிமெண்டு குழைத்து ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். உயரத்தில் போட்டி உண்டு. தெருத்தலைவர் என்பதால் முனை வீட்டு ஹாஜி ஓமானுடையதுதான் எல்லாவற்றிலும் உயரம். அதற்கு அடுத்த கோமார் வீட்டு வாசல் மட்டும் மேடில்லாமல் இருந்தது. அவர் சுரபாயாவில் வேலை பார்த்தார், ஊரில் இருந்தால்தானே போடுவதற்கு. யாயன் எல்லாவற்றையும் அளந்து அப்படியே வைத்தார். ஹாஜியின் வேகத்தடைக்காகக் காருக்கு அடியில் மைக்கைக் கட்டி, வேண்டுமென்றே உரசவிட்டு, முதுகெலும்பைப் பிடித்து இழுப்பது போன்ற அந்தச் சத்தத்தையும் பதிவு செய்து சேர்த்தார். அதற்காகச் சொந்தக் காரின் அடித்தகடு போனதை நினிங்கிடம் சொல்லவில்லை.

சோதனைப் பதிப்பு வெளியான வாரம் ஹாஜி ஓமான் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை. கைபேசியை நீட்டினார்.

"இதை என் பேரன் காட்டினான். கேளுங்க."

யாரோ ஒரு பையன் விளையாடிக்கொண்டே பேசிய காணொளி. கார் ஹாஜியின் வேகத்தடையில் ஏறியது, உரசியது. அந்தப் பையன் அதைப் போட்டவரின் ஏழு தலைமுறையையும் இழுத்தான்.

"மெதான்லேருந்து திட்டுறான், மக்காசார்லேருந்து திட்டுறான்," என்றார் ஹாஜி. "பார்த்தே இராத ஊர்க்காரன்லாம் என் வீட்டு வாசல்ல நின்னு திட்டுறான் பாக் யாயன். இதுக்கா நான் மக்காவுக்குப் போயிட்டு வந்தேன்?"

"உயரத்தைக் கொஞ்சம் குறைச்சிடலாமே ஹாஜி."

"குறைங்க. எடுத்தே போடுங்க. உங்க விளையாட்டுதானே."

"நான் தெருவுல இருக்கிறதைச் சொன்னேன்."

"அதை எப்படி எடுக்கிறது? குழந்தைங்க ஓடியாடுற இடம்," என்ற ஹாஜி அப்போதுதான் காபியை எடுத்தார். "ஆமா, மூத்தவளுக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேன். தெருவை அடைச்சுத்தானே பந்தல் போடணும்? மக்களைக் கூட்டிப் பேசுவோம்."

மூத்த மகள் ரெங்கானிஸின் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்க யாயனுக்கு வசதியில்லை. பந்தல் தெருவில்தான். தெரு சம்மதிக்காவிட்டால் பந்தல் இல்லை.

கூட்டம் ஹாஜி வீட்டில் நடந்தது. ஓட்டெடுப்பு என்ற அநாகரிகமெல்லாம் அங்கே கிடையாது. எல்லோரும் ஒருமனதாகும் வரை முட்டைக்கோஸ் பஜ்ஜி வந்துகொண்டே இருக்கும். பந்தலுக்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன வேண்டுகோள்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் வாசல் குப்பையை விளையாட்டிலிருந்து எடுக்கச் சொன்னார். இன்னொருவர் தன் காருக்குப் புதுப் பெயிண்ட் கேட்டார். ஸ்கூட்டரில் காய்கறி விற்கும் மிமின், தெருவுக்கெல்லாம் 'இபு', அதாவது அம்மா, கடைசியாக வாயைத் திறந்தாள்.

"நான் இடது பக்கம் சிக்னல் போட்டுட்டு வலது பக்கம் திரும்புறேனாம். அதுல காட்டுது."

"நீங்க அப்படித்தானே திரும்புறீங்க இபு?"

"சிக்னல் போட்டது நெசம். திரும்பினதும் நெசம். ரெண்டையும் சேர்த்துக் காட்டணுமா?"

யாயன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நினிங் அவர் தொடையைக் கிள்ளினாள். வாய் மூடிக்கொண்டது.

அடுத்த பதிப்பில் தெரு சுத்தமாக இருந்தது. மிமின் இடது சிக்னல் போட்டு இடதுபுறமே திரும்பினாள். வேகத்தடைகள் எல்லாம் போய், ஹாஜி வாசல் கண்ணாடி போல் மழமழவென்று இருந்தது. அந்தச் சத்தத்தை அழித்த அன்று யாயன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. விளையாடியவர்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "இது எந்த நாட்டுத் தெரு? சுவிட்சர்லாந்தா?" அதை அவர் பலமுறை படித்தார்.

கல்யாண நாள் வந்தது. பந்தல் யாயன் வீட்டு வாசலை முழுவதும் அடைத்து நின்றது. திருமணப் பதிவாளர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்னும் மூணு கல்யாணம் இருக்கு. பத்து மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூட இருக்க முடியாது. அப்புறம் நான் திரும்பி வரச் சாயங்காலம் ஆயிடும்."

சாயங்காலம் வரைக்கும் சாப்பாடு தாங்காது என்று சமையல்காரர் நினிங் காதில் போட்டார். நினிங் அதை யாயன் காதில் போட்டாள்.

அப்போதுதான் தெருமுனையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பந்தலில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். யாயனுக்கு மட்டும் அது என்ன என்று உடனே தெரிந்தது. தன் கையால் பதிவு செய்து தன் கையால் அழித்த சத்தம்.

மாப்பிள்ளையை அழைத்துவந்தவர் அவருடைய சித்தப்பா தார்சா. பழைய செடான் காரின் ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கி வைத்திருப்பவர். அந்தக் கார் இப்போது மல்லிகைச் சரங்களோடு ஹாஜியின் வேகத்தடை மேல் வயிறு மாட்டி, முன்சக்கரம் அந்தரத்தில் சுற்ற, சீசா பலகை போல் ஆடிக்கொண்டிருந்தது.

"இங்க மேடே இல்லையே," என்று தார்சா கத்திக்கொண்டிருந்தார். "சிரெபோன்ல ஒரு வாரமா உங்க விளையாட்டை ஓட்டிப் பழகினேன் சம்பந்தி. இந்தத் தெரு எனக்கு மனப்பாடம். இங்க மேடு கிடையாது."

யாயன் ஹாஜியைப் பார்த்தார். ஹாஜி வானத்தைப் பார்த்தார்.

ஆண்கள் பட்டுச் சட்டையை மடித்துவிட்டுத் தூக்கிப் பார்த்தார்கள். கார் அசையவில்லை. பதிவாளர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு ஹாரன் கேட்டது. யாயன் அகராதியில் அது வசவு. இபு மிமின், காலிக் கூடைகளோடு.

"வேடிக்கை பார்த்தது போதும். மாப்பிள்ளை, ஏறு பின்னாடி. அந்தக் குத்துவாளை என் இடுப்புல இடிக்காம பிடிச்சுக்கோ."

மணக்கோலத் தலைப்பாகையும் குத்துவாளுமாக மாப்பிள்ளை கூடைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டார். பந்தலுக்குச் சற்று முன்னால் பூப்பந்துத் திடலைச் சுற்றித் தெரு இரண்டாகப் பிரியும். இரண்டு பக்கமும் பந்தலுக்குத்தான் வரும். வரவேற்பு மாலையோடு நினிங் நடுவில் நின்றாள். மிமின் தூரத்தில் வந்தாள். இடது சிக்னல் மினுக்கியது. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் இடது பக்கம் ஓடினார்கள். தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை, மொத்தமாக வலது பக்கம் நடந்தார்கள். மிமின் வலது பக்கம் திரும்பி, நினிங் நீட்டிய மாலைக்கு நேராக வண்டியை நிறுத்தினாள்.

பதிவாளர் பையைக் கழற்றாமலே கல்யாணத்தை முடித்து வைத்தார்.

சாப்பாடு முடிந்ததும் ஹாஜி ஓமான் பந்தலுக்குள்ளேயே ஒரு சின்னக் கூட்டம் போட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு இப்படி ஒரு சங்கடம் வந்ததற்கு விளையாட்டில் வேகத்தடை இல்லாததுதான் காரணம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. உடனே அதைத் திரும்ப வைத்தாக வேண்டும்.

"உங்க வாசல்லதானே ஹாஜி?" என்றார் யாயன்.

"என் வாசல்லதான் இருக்கணும்னு என்ன இருக்கு? தெருவுல ஒண்ணு இருந்தாப் போதாதா? வர்றவன் ஜாக்கிரதையா வருவான்." ஹாஜி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "கோமார் வாசல்ல வெச்சுடுங்க. அவர்தான் வரவே இல்லையே."

ஒருமனதாக முடிவாயிற்று. யாயன் மறுப்புச் சொல்வார் என்று நினிங் அவர் தொடைப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். தேவைப்படவில்லை. அவர் இளைய மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஒரு நாள் பந்தல் போட வேண்டும். மறுநாள் அலுவலகத்தில் கோமாரின் வாசலில் அந்தச் சிமெண்டு மேட்டை, பழைய உயரம் குறையாமல், பழைய சத்தத்தோடு வைத்தார். சத்தம் திரும்பக் கிடைத்ததில் அவருக்கு லேசான மகிழ்ச்சிகூட இருந்தது.

நோன்புப் பெருநாள் விடுமுறைக்குக் கோமார் ஊர் வந்து சேர்ந்தார். அன்று மாலை வேலை முடிந்து காரில் திரும்பிய யாயன், ஹாஜியின் மேட்டில் வழக்கம்போல் மூச்சைப் பிடித்து ஏறி இறங்கி, அடுத்த வாசலில் கவலையில்லை என்று வேகம் கூட்டினார். காருக்கு அடியில் அதே சத்தம், முதுகெலும்பு இழுபட்டது.

கோமார் வாசலில் சாந்துக் கரண்டியோடு நின்றிருந்தார். ஓரத்தில் இன்னும் ஈரம் காயவில்லை.

"சுரபாயாவுல உங்க விளையாட்டைப் பார்த்தேன் பாக் யாயன். என் வாசலையும் மதிச்சு ஒண்ணு போட்டிருந்தீங்க. மனசு நிறைஞ்சு போச்சு," என்றார். பிறகு குனிந்து காரின் அடியைப் பார்த்தார். "உயரம் சரியா வந்திருக்கா? அதுல இருக்கிற மாதிரியேதான் போட்டேன்."