அம்மா சொன்ன லாட்ஜ்

எங்கள் வீடு குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. வருடத்தில் மூன்று மாதம் அது எங்கள் வீடு இல்லை. ஆனியில் சாரல் விழ ஆரம்பித்ததும் முன்னறைகள் இரண்டையும் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவோம். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அடுக்களையில் அரிசி மூட்டைகளுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் படுப்போம். சீசன் முடிந்து முன்னறைக்குத் திரும்பினால் சுவரெல்லாம் எண்ணெய்க் கை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் சுவரைப் பிடிக்காமல் நடக்க மாட்டார்கள், தலையணையில் சாயாமலும் இருக்க மாட்டார்கள். அந்தத் தலையணை உறைகளைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து அம்மா துவைப்பாள். இப்போது நான் மெஷினில் போடுகிறேன். அதிலும் எண்ணெய் போகாது. தலையணை நாறுகிறது என்று எழுதி, செல்போனில் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது போன வாரம் வந்தவன் தலை எண்ணெய் என்று எவனிடம் போய்ச் சொல்வது?

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது காலாண்டுப் பரீட்சை லீவில் அப்பா எங்களைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடற்கரையும் மிருகக்காட்சிச் சாலையும் எனக்காக. அம்மா கேட்டது ஒன்றுதான்.

"ரெண்டு நாளும் லாட்ஜுல தங்கணும். மூணு மாசமா ஊருக்கெல்லாம் ரூம் பெருக்குதேன். ரெண்டே ரெண்டு நாளு எனக்கு எவனாவது பெருக்கட்டும்."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "லாட்ஜுக்காரன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியாதா? தலவாணி உறையத் திருப்பிப் போட்டுட்டு புதுசும்பான். நம்ம தொழிலு நமக்குத் தெரியாதாக்கும்!"

"நான் தொவச்சுத்தானே போடுதேன்?"

"நீ தொவைக்க. எல்லாவனும் தொவைக்கானா?"

அப்பாவிடம் வேறு திட்டம் இருந்தது. ஐந்து வருடமாக ஒரே சென்னைக் குடும்பம் சீசனுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர், அவர் மனைவி, சொந்தக்காரர்கள் என்று பதினான்கு பேர். அந்த இருவரையும் நான் மாமா, அத்தை என்று கூப்பிடுவேன். ஊருக்குக் கிளம்பும்போது ஈரத் துணிகளை வேனில் ஏற்றிக்கொண்டே மாமா ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

"அண்ணாச்சி, மெட்ராஸ் வந்தா நம்ம வீட்லதான் தங்கணும். வேற எங்கயாவது தங்கினீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"இந்தத் தண்ணிதான் அங்க கிடைக்காது. ஒரு குடம் கொண்டுபோக முடிஞ்சா எப்படி இருக்கும்!" என்பாள் அத்தை.

வேனில் ஏறுகிறவர்கள் எதையாவது சொல்லிவிட்டுத்தான் ஏறுவார்கள். அம்மாவுக்கு அது தெரியும். அப்பா, சொன்ன சொல்லைச் சொன்னபடியே நம்புகிறவர். மாமாவுக்குப் போன் போட்டு, "குடும்பத்தோட மெட்ராஸ் வாரோம் சார்" என்றார். "வாங்க அண்ணாச்சி, வாங்க வாங்க" என்று பதில் வந்தது. அவருக்கு அது போதும்.

"லாட்ஜுல தங்கிட்டு அவரு மொகத்துல எப்படி முழிக்க?" என்று அம்மாவின் வாயை அடைத்துவிட்டார். கிளம்புகிற அன்று மதியம் பத்து லிட்டர் கேன் ஒன்றில் அருவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

அம்மா கேனைப் பார்த்தாள். "கிறுக்கு முத்திப்போச்சு" என்றாள்.

தென்காசியில் ரயில் ஏறி மறுநாள் காலை எழும்பூரில் இறங்கினோம். அங்கிருந்து மின்சார ரயில், பிறகு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. ஊர் முடியவே இல்லை. எங்கள் பக்கத்தில் இவ்வளவு நேரம் போயிருந்தால் ஆலங்குளம் தாண்டித் திருநெல்வேலியே வந்திருக்கும். இங்கே கேட்டால் இன்னும் சென்னைதான் என்றார்கள். அப்பா மடியில் கேனை வைத்துக்கொண்டிருந்தார். ஓர் ஆள் இடம் போகிறது என்று ஆட்டோக்காரர் எரிந்து விழுந்தார்.

"என்னா சார் அதுல?"

"குத்தாலத்துத் தண்ணி."

"மெட்ராஸ்ல தண்ணிக் கஷ்டம்னு யாரோ நல்லாத்தான் சொல்லி அனுப்பியிருக்காங்க."

ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் கடைசி.

மாமாவின் வீடு அடுக்குமாடியில் நான்காவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். "சாமானெல்லாம் இங்கயே கெடக்கட்டும், மெதுவா வந்து எடுத்துக்கங்க" என்றார் வாட்ச்மேன். துணிப் பைகளையும் கேனையும் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அல்வாவையும் நேந்திரங்காய்ச் சிப்ஸையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினோம்.

அவர்களை மோசமானவர்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். முடியவில்லை. எங்களைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள். சூடாகத் தோசை போட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் தட்டில் இன்னொன்று விழுந்தது. இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் அவர்கள் மகன் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான். கூடத்துக் கட்டிலில் மாமாவின் வயதான அப்பா படுத்திருந்தார். நான் எங்கே படுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டிவிக்கு எதிரே இருந்த சோபாவை எனக்கென்று முடிவு செய்துவைத்தேன்.

காபி வந்தது. அருவியில் தண்ணீர் விழுகிறதா, பழைய குற்றாலத்தில் கூட்டமா என்று மாமா விசாரித்தார். அத்தை அல்வாவைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்புறம், எங்க தங்கியிருக்கீங்க?"

அப்பா வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பதில் எனக்குத் தெரியும். இங்கேதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது.

"லாட்ஜுல ரூம் சொல்லி வச்சிருக்குக்கா" என்றாள் அம்மா. "எழும்பூர் பக்கம்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நல்ல எடமாம்க்கா. ஏசி ரூமு. கொழாயத் தொறந்தா சுடுதண்ணி. கட்டில்ல வெள்ள விரிப்பு, கஞ்சி போட்டு மொடமொடன்னு. காலைல கதவத் தட்டி, நாம படுத்துருக்க எடத்துக்கே காபி கொண்டாந்து தருவாவளாம். ஒரு டம்ளர்கூட நாம கழுவ வேண்டாம். வெளிய போய்ட்டு வந்தா பெருக்கித் தொடச்சுக் கெடக்குமாம்."

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அம்மா அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. முகம்கூட மாறியிருந்தது.

"அடடா! நம்ம வீட்டுக்கே வந்திருக்கலாமே அண்ணாச்சி" என்றார் மாமா. "எத்தனை தடவ சொல்லியிருக்கேன்!"

"இருக்கட்டும் சார். அடுத்த மட்டம் பாப்போம்" என்றார் அப்பா.

கிளம்பும்போது மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, கீழே வரை வந்து வழியனுப்புகிறேன் என்றார். எங்கள் துணிப் பைகளெல்லாம் கீழே வாட்ச்மேனிடம் கிடந்தன. "வேண்டாம் சார், லிஃப்ட் வேற இல்ல, நாலு மாடி, முட்டு வலிக்கும்" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே தள்ளாத குறையாகத் தள்ளினார். மாமா பால்கனிக்கு வந்துவிடுவாரோ என்று சுவர் ஓரமாகவே எங்களை நடத்திக்கொண்டு போனார். வாட்ச்மேன் எழுந்து, "கேன நான் மேல கொண்டாந்து குடுக்கவா சார்?" என்றார். "வேண்டாம்" என்று அப்பா அதைத் தோளில் ஏற்றினார்.

இப்போது நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஐந்து வருடம், பதினான்கு பேர். ஒருவர்கூட எங்கள் வீட்டில் வைத்து, நீங்கள் மூன்று பேரும் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. எங்கள் வீட்டில் கேட்க வேண்டியதை அவர்கள் வீட்டில் வைத்துக் கேட்டார்கள். அன்று எனக்கு ஆத்திரம் இல்லை, சந்தோஷம். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா லாட்ஜில் சொல்லி வைத்திருக்கிறாள். அம்மா ஜெயித்துவிட்டாள்.

"ஏம்மா, அந்த லாட்ஜுக்கு எந்த பஸ்ஸு?"

"பேசாம வாட்டி."

மறுபடி பஸ், மறுபடி மின்சார ரயில். எழும்பூரில் இறங்கி நடந்தோம். அன்று ஏதோ கட்சி மாநாடு. நுழைந்த லாட்ஜில் எல்லாம் மாநாட்டுக் கூட்டம். ஒவ்வொரு வாசலிலும் நான் முந்திக்கொண்டு ஓடி, "இதாம்மா?" என்பேன். அம்மா இல்லை என்று தலையை ஆட்டுவாள். அப்பா உள்ளே போவார், வருவார், கேனைத் தோள் மாற்றுவார், நடப்பார். எத்தனை படி ஏறி இறங்கினோம் என்று எனக்கு நினைவில்லை. கால் வலித்து நான் அழ ஆரம்பித்த பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில், ஒரு சந்துக்குள் இரண்டாவது மாடியில் அறை கிடைத்தது.

ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. விரிப்பில் சிகரெட் சுட்ட ஓட்டை. தலையணை இரண்டு. அப்பா உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பார்க்கவே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இல்ல" என்றேன். "நீ சொன்னது வேற லாட்ஜு."

"அதுல எடம் இல்லியாம்ட்டி. நாளைக்குப் பாப்போம்."

கதவுக்குப் பின்னால் ஒரு விளக்குமாறு இருந்தது. அம்மா அதை எடுத்து அறையைப் பெருக்கினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து, எவனோ தின்று போட்ட வாழைப்பழத் தோலை எடுத்து வெளியே போட்டாள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்து கையை நனைத்துப் பார்த்தாள். உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவில்லை. வெளியே வந்து கேனைத் தூக்கினாள்.

"ஏ, அது அவங்களுக்கு..." என்றார் அப்பா.

"இனி யாருக்குக் குடுக்கப் போறிய?"

கதவைத் தாழிட்டுக்கொண்டாள். ஊரே அருவிக்கு வந்து குளிக்கிற மூன்று மாதத்தில் அம்மா ஒரு நாள்கூட அருவிக்குப் போனதில்லை. போவதற்கு நேரம் இருந்ததில்லை. கேன் காலியாகிற வரை தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சோப்புப் பட்டுவிட்டது என்றாள்.

மறுநாள் கடலைப் பார்த்தேன். அதற்கு மறுநாள் புலியைப் பார்த்தேன். அந்த லாட்ஜை மட்டும் கடைசி வரை பார்க்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே ஊருக்கு ரயில் ஏறிவிட்டோம்.

அடுத்த ஆனியில் அவர்கள் வழக்கம்போல வந்தார்கள். அப்பா வழக்கம்போல வேனுக்கு ஓடிப்போய்ப் பெட்டிகளை இறக்கினார். மூன்றாம் நாள் புறக்கடையில் அம்மா தலையணை உறைகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து நின்றாள்.

"அன்னைக்கு ஒரு லாட்ஜ் சொன்னீங்களே, அது பேர் என்ன? என் நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்குச் சொந்தக்காரங்களத் தங்க வைக்கணும்."

அம்மா கம்பால் உறைகளை ஒரு தடவை அமுக்கிவிட்டாள். "அத மூடிட்டாவளாம்க்கா."

"அச்சச்சோ. நல்ல லாட்ஜுன்னு சொன்னீங்களே."

"ஆமாக்கா" என்றாள் அம்மா. "நல்ல லாட்ஜு."

நான் அடுக்களைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். அன்று முழுவதும் அப்பாவுடன் பேசவில்லை. சாயங்காலம் மோட்டார் போட வந்தவர் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏட்டி, என்ன கோவம் ஒனக்கு?"

"அம்மா சொன்ன லாட்ஜ மூடிட்டாங்களாம். நீங்க கூட்டிட்டே போகல."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு போய் மோட்டார் சுவிட்சைப் போட்டார்.

மறுநாள் விடிகாலையில் பாத்திரம் உருளும் சத்தத்தில் முழித்தேன். எப்போதும் முதலில் எழுந்திருக்கிற அம்மா படுத்தேதான் இருந்தாள். அப்பா அடுப்படியில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தார். அரிசி மூட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இடம் பார்த்துக் கால் வைத்து வந்து, அம்மா படுத்திருந்த இடத்திலேயே டம்ளரை நீட்டினார். சர்க்கரை போட மறந்திருந்தார். அம்மா முழுவதையும் குடித்தாள். டம்ளரை அவரே வாங்கிக் கழுவி வைத்தார். பிறகு அம்மா எழுந்து பதினான்கு பேருக்குக் காபி போட்டாள்.

நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரியே கிடந்தேன். அவ்வளவு பெரிய லாட்ஜை விட்டுவிட்டு ஒரு டம்ளர் காபியில் சரிக்கட்டப் பார்க்கிறாரே என்று எனக்கு இன்னும் கோபம் கூடியது. அந்தச் சீசன் முடியும் வரை நான் அவரை மன்னிக்கவில்லை.