சும்மா கூட இருந்தேன்

எனக்குச் சோறு போடுவது ஆங்கிலப் பணிவு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, முகம் தெரியாத வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலை. 'ஜஸ்ட்' போடாமல் ஒரு நினைவூட்டல்கூட என்னிடமிருந்து போகாது. சும்மா கேட்டுப் பார்க்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள் என்கிற தொனி அதில் வந்துவிடும். கோபமாக இருப்பவருக்கு 'ஹம்ப்ளி'. மேலிடத்தில் நம் சாதனையைச் சொல்ல 'மாடஸ்ட்லி'. நம் பக்கத்துத் தப்பைச் சின்னதாக்க 'மியர்லி', 'சிம்ப்ளி', 'ஒன்லி'. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எதற்கு எது என்று சொல்வேன். அதனால் என் மனைவியின் நேர்முகத் தேர்வுக்கு ஆங்கிலம் சொல்லித்தர என்னை விட்டால் ஆள் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவள் இங்கேயே அம்பத்தூர் மேனாம்பேட்டுக்காரி. நான் திருநெல்வேலிப் பக்கம். குடியிருப்பது அயனம்பாக்கத்தில் ஒரு வாடகை ஃபிளாட். அவளுக்குத் தனியார் மருத்துவமனை ஒன்றில் லேபர் வார்டு நர்ஸ் வேலை. அந்த வார்டுக்கு இன்சார்ஜ் பதவி காலியாகியிருந்தது. போன தடவை காலியானபோது அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். நேர்முகத்தில் என்ன கேட்டாலும் இவள் "ஐ ஒன்லி ஹெல்ப்ட் சார்" என்றே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதது எனக்குக் கேட்டது. இந்தத் தடவை விடக்கூடாது என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

சாயங்காலங்களில் ஏரிக்கரையில் நடந்துகொண்டே பயிற்சி.

"கஷ்டமான கேஸ் ஒண்ணு சொல்லுங்கன்னு கேப்பாங்க. சொல்லு."

"ஐ ஜஸ்ட்…"

"ஏட்டி, அந்த ஜஸ்ட்டத் தூக்கிப் போடு."

"ஐ சிம்ப்ளி…"

ஒன்றை வெட்டினால் அதன் சித்தி பிள்ளை வந்து நிற்கும். அதையும் வெட்டினால் பெரியப்பா பிள்ளை.

"'ஐ டிட்'னு சொல்லேன். வாய் வெந்தா போயிரும்?"

"வர மாட்டேங்குதுப்பா. எங்க வார்டுல யாரும் அப்டி சொல்ல மாட்டோம்."

அப்போதுதான் எனக்கு அந்த வழக்கம் தெரிந்தது. லேபர் வார்டில் யாரும் 'நான் பிரசவம் பார்த்தேன்' என்று சொல்வதில்லையாம். குழந்தை பிறந்ததும் 'ஆச்சு' என்பார்கள். யாராவது பாராட்டினால் 'சும்மா கூட இருந்தேன்' என்பார்கள். புதிதாக வந்தவள் எவளாவது 'என் கை ராசியான கை' என்று பெருமை பேசினால் மூத்தவர்கள் முதுகில் ஒன்று வைப்பார்களாம். சொன்னால் அடுத்துப் பிரசவத்துக்கு வருகிறவளுக்குச் சிக்கலாகும் என்று நம்பிக்கை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "படிச்சவங்கதானடி நீங்க எல்லாம்?"

"படிச்சிட்டுத்தான் சொல்றோம். நீ ஒருவாட்டி உள்ள வந்து நின்னு பாரு, அப்பறம் சிரி."

இப்படி நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், எதிரே வந்த ஒரு பெண் "சிஸ்டர்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே சோளக்கருதைக் கடித்தபடி ஒரு சின்னப் பெண். நான் கணவன் என்று தெரிந்ததும் அந்தத் தாய் என் பக்கம் திரும்பினாள்.

"சார், இவங்க இல்லன்னா இந்தப் பொண்ணு இல்ல சார். வெளிய வந்தப்போ நீலமா கீறா. அயுவவே இல்ல. எனக்கு ரத்தம் நிக்கலன்னு டாக்டரு என்னாண்ட கீறாங்க. இவங்கதான் அந்தக் காத்துப் பைய கொயந்த மூஞ்சில வெச்சு அமுக்கிகினே இருந்தாங்க. கூட இருந்த சிஸ்டரு தலைய தொங்க போட்டுட்டாங்க சார். இவங்க உடவே இல்ல. 'வாடி தங்கம், வந்துடு, வந்துடு'ன்னு கூப்ட்டுகினே இருந்தாங்க. நான் பொயப்பேனான்னுகூட நெனைக்கல. இவங்க கையத்தான் பாத்துகினு கெடந்தேன்."

"அட, நான் இன்னா பண்ணேன்? சும்மா காத்து குடுத்தேன். அவளா வந்துட்டா" என்று சொல்லிவிட்டு, என் மனைவி குனிந்து அந்தப் பிள்ளையின் செருப்பு வாரை மாட்டிவிட்டாள்.

நான் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னமெல்லாம் சோளம். கருதைக் கேட்டு வந்த நாயிடம் தரமாட்டேன் என்று சண்டை வேறு. இந்தப் பிள்ளை பிறந்த அன்றும் என் மனைவி வீட்டுக்கு வந்திருப்பாள். ட்யூட்டி எப்படி என்று நான் கேட்டிருப்பேன். "சும்மா, எப்பவும் போலத்தான்" என்று சொல்லிவிட்டு இட்லிக்கு அரிசி ஊறப்போட்டிருப்பாள். நானும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் நிற்கும் இந்தக் குள்ளமான, வியர்வை துடைக்கும் மனுஷியைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

கரை முடியும் இடத்தில் அவளை நிறுத்தினேன். பிறகு சொன்னேன். "இதச் சொல்லு. ஒரு ஜஸ்ட்டும் வேண்டாம்."

"நான் சொல்லி, அடுத்து வர்றவளுக்கு எதனா ஆச்சுன்னா?"

எனக்கு அந்தக் குளியலறைக் குழாய்ச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. "சொல்லு" என்றேன்.

தேர்வு காலையில். முடிந்ததும் சாயங்காலம்வரை அவளுக்கு அங்கேயே ட்யூட்டி. சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"சொல்ட்டேன்ப்பா. 'ஐ டிட் நாட் ஸ்டாப், தி பேபி கிரைட்'னு. ஒரு ஒன்லிகூட இல்ல." குரலில் சந்தோஷம் இல்லை. "ஒரு கேஸ் வந்துகீது. தலப்பிரசவம். பயமா கீது. வெச்சிடறேன்."

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. யாருக்கோ பதில் எழுதும்போது கை தானாக 'ஹம்ப்ளி' என்று அடித்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலமும் சப்பென்ற சோற்றுக்கு ஊறுகாய் வைப்பதுபோல இதைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளோ, உயிர் உள்ளே வரும் வாசலில் நிற்கிறவள். கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரி அந்த 'சும்மா'வைச் சொல்கிறாள். அதைத்தான் நான் பிடிவாதமாகப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். படிச்சவங்கதானடி என்று கேலி பேசிய அதே வாயால், மாங்காடு எந்தத் திசை என்று குத்துமதிப்பாகப் பார்த்து அம்மனைக் கும்பிட்டேன்.

சாயங்காலம் சீக்கிரமே போய் மருத்துவமனை வாசலில் வண்டியோடு நின்றேன். வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"ஆச்சு" என்றாள். "பையன். அயுதான் பாரு, வார்டே ரெண்டாயிட்ச்சி. ஆத்தாளும் புள்ளயும் நல்லா கீறாங்க."

நெற்றியை என் முதுகில் சாய்த்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட் இருந்ததால் மானம் பிழைத்தது. சிக்னலில் நிற்கும்போது, "அப்பறம், இன்சார்ஜ் நான்தானாம்" என்றாள்.

"அடிப்பாவி, அத மொதல்ல சொல்ல மாட்டியா?"

"அதுவா மொதல்ல?"

பச்சை விழுந்தது. பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹார்னில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. அந்தச் சத்தத்தில் நானும் கத்திக் கேட்டேன். "பிரசவம் யாரு பாத்தது? நீயா?"

"நான் இன்னா பண்ணேன்? சும்மா கூட இருந்தேன்."

நான் வண்டியை எடுத்தேன். அந்த வாக்கியத்தில் வெட்டுவதற்கு ஒரு சொல்லும் இல்லை.