டைல்ஸ் ஒட்டிய சமாதி

செவிலிமேட்டில் பழைய புலவர் ஒருவரின் சமாதிமுன் நிற்கிறேன். அவருடைய கடைசிப் பாடல் இந்தச் சமாதிக் கல்லைத் தவிர வேறெங்கும் கிடையாது. படியெடுக்க வந்த எனக்குக் கல்லையே காணோம். பளபளவென்று வெள்ளை டைல்ஸ். மேலே மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம்.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் பெண்ணிடம் கேட்கிறேன்.

“எழுத்தெல்லாம் தேஞ்சிக்கினே வந்துதுங்க. சாமி சமாதியாச்சே, அப்படியே வுட முடியுமா? தெருவே சேர்ந்து டைல்ஸ் ஒட்டினோம்.”

“அவர் சாமியார் இல்லைங்க, புலவர். டைல்ஸைப் பெயர்த்தால் பாட்டு இருக்குமா?”

“எங்க இருக்கும்? சிமெண்ட் புடிக்கணும்னு கல்லு பூரா கொத்திட்டுதான் ஒட்டினோம்.”

பெருமையாகச் சொல்கிறாள். திருநீற்றுத் தட்டை நீட்டுகிறாள்.

“நல்லா வேண்டிக்கோங்க. கேட்டது கெடைக்கும்.”

கையை நீட்டுகிறேன். கேட்க ஒன்றுமில்லை.