இத்தாலி வைனும் கொட்டாஞ்சேனை நாக்கும்

பால்காரன் பாலில் தண்ணீர் கலக்கிறான் என்று ஊரே சொல்லும். அவன் தண்ணீரில்தான் பாலைக் கலக்கிறான் என்று நினைக்கிற ஆள் நான். காரணமில்லாமல் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். இரண்டு பேர் குரலைத் தணித்துக் கதைத்தால் அது என்னைப் பற்றித்தான். இந்தக் குணத்தோடு வெள்ளவத்தையில் குடும்பமும் நடத்தினேன், துறைமுகத்தில் ஒரு கப்பல் கொம்பனியில் உத்தியோகமும் பார்த்தேன், சிநேகிதர்களையும் வைத்திருந்தேன். அந்தச் சிநேகிதர்களைக் கூப்பிட்டு யுத்த காலத்தில் ஒரு வைன் விருந்து வைத்தேன். விருந்து என்று சொன்னது அவர்களுக்கு. எனக்கு அது பொறி.

யுத்தத்துக்கு முன்பு இத்தாலிக் கப்பல்கள் கொழும்புக்கு வந்துபோகும். பத்திரங்களில் கையெழுத்து வாங்க நான் கப்பலில் ஏறும்போது, சாப்பாட்டறைக்குப் பொறுப்பான கிழவர் ஒருவர் என்னை இருத்தி, தங்கள் ஊர்ச் சிவப்பு வைனில் ஒரு கிளாஸ் ஊற்றித் தருவார். முதல் தரம் அதை வாயில் வைத்தபோது, மருந்து ஏதோ கலந்து என்னிடம் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சில பயணம் கழிந்தபின் அந்தத் துவர்ப்புக்காகவே கப்பல் வரும் நாளைப் பார்த்துக் காத்திருந்தேன். கீழ்ப்பாதியில் வைக்கோல் சுற்றிய போத்தல்கள். வரும்போதெல்லாம் இரண்டொன்று வாங்கிவிடுவேன்.

கெட்ட பழக்கத்துக்குக் கூட்டாளி தேவை. ஒருவர் அடுத்த ஒழுங்கையில் இருந்த பிரக்கிராசியார். கோட்டில் வழக்குப் பேசுகிறவர், யாழ்ப்பாணத்துச் சைவர், சாப்பாட்டில் மட்டும் சைவமில்லை. எந்தக் கிளாஸும் அவர் உதட்டில் படாது. அண்ணாந்து ஊற்றித்தான் குடிப்பார், வைனையும் அப்படித்தான். மற்றவர் கொழும்பின் மறுகோடியில் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். தேயிலைக் கொம்பனி ஒன்றில் ருசி பார்க்கிற வேலை. வரிசையாக வைத்த கோப்பைகளில் ஒவ்வொரு கரண்டியாக எடுத்து, பெரிய சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு, இது எந்தத் தோட்டத்துத் தேயிலை, எந்த மழைக்குப் பிறகு பறித்தது என்று சொல்லிவிடுவார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது அவருடைய மூக்கும் நாக்கும்தான். வீடு நிறையப் பிள்ளைகளும் விதவையான தங்கையும் அந்த நாக்கை நம்பித்தான் சோறு சாப்பிட்டார்கள்.

வைன் ருசி பார்க்க எங்களைப் பழக்கியவரும் அவரே. தேயிலைக்காரர் முறைதான் எங்கள் முறை. ஆளுக்கொரு கரண்டி, நடுவில் வெற்றிலை துப்புகிற வெண்கலப் படிக்கம். அவர் உறிஞ்சினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். உறிஞ்சித் துப்பிவிட்டு, எங்கள் கரண்டி வாய்க்குப் போகும் முன்னமே தீர்ப்பைச் சொல்லிவிடுவார். ஒருமுறை நான் ஆசையாகக் கொண்டுபோன போத்தலை மணந்து பார்த்துவிட்டு, “இத கானுக்குள்ள ஊத்துங்க, ஐசே,” என்று வாசல் சாக்கடையைக் காட்டினார். ஊற்றினேன். நானோ துப்புவதுபோலப் பாவனை காட்டி விழுங்கிவிடுவேன். காசு கொடுத்து வாங்கியதைத் துப்ப எனக்கென்ன விசரா?

போத்தல்கள் முழுக்கக் கொட்டாஞ்சேனையில்தான் இருந்தன. சாமிப்படம் மாட்டிய என் வீட்டுக்குள் மதுபானம் வந்தால் என் மனைவி என்னையும் போத்தலையும் சேர்த்தே வெளியே வைத்திருப்பாள். கத்தோலிக்க வீட்டில் வைன் இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

யுத்தம் வந்தது. இத்தாலி எதிரிப் பக்கம் போனது. கப்பல் நின்றது. கொட்டாஞ்சேனை அலுமாரியில் இருப்பதுதான் இனி உலகத்தில் எங்களுக்கு இருக்கிற வைன் என்று ஆனபோது எனக்குச் சந்தேகம் பிடித்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் நான் கண்டது வெறும் இருட்டல்ல. கொட்டாஞ்சேனையார் ஒரு காய்ச்சலில் விழுந்து எழும்பியிருந்தார். அதற்குப் பிறகு ஆள் மாறிவிட்டார். முந்திப் பேசுகிற மனுஷன், நாங்கள் என்ன சொல்கிறோம் என்று பார்த்திருந்து, அதையே திருப்பிச் சொன்னார். கிளாஸை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பிரக்கிராசியாரும் குசுகுசுப்பார்கள், என் தலை தெரிந்ததும் கதை நின்றுவிடும். ஒருநாள் அவர் வீட்டில் புகை பிடித்த பாலில் போட்ட தேத்தண்ணீர் வந்தது. மணத்தைக் கண்டதும் நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன். தேயிலை ருசி பார்க்கிற மனுஷனோ அதைச் சொட்டு விடாமல் குடித்தார்.

என் மூளை கணக்குப் போட்டது. மனதில் குற்றம் இருக்கிறவனுக்குத்தான் வாயில் போவது என்னவென்று தெரியாது. பட்டாளத்துக்காரர்கள் வைனுக்கு எந்த விலையும் கொடுக்கிற காலம். இவர் போத்தல்களை விற்றுவிட்டார், புறக்கோட்டைக் கடைகளில் கிடைக்கிற எதையோ நிரப்பி வைத்திருக்கிறார், பிரக்கிராசியாருக்கும் அதில் பங்கு.

குண்டு விழும் என்ற பயத்தில் கொழும்புக் குடும்பங்கள் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறிய நாட்கள் அவை. என் மனைவியும் பிள்ளைகளும் போய்விட்டார்கள். வீடு என் கையில் இருந்தது. வைன் விருந்து ஒன்று வைப்போம், சனிக்கிழமை பின்னேரமே வாருங்கள், வெளிச்சம் போடக்கூடாதென்ற சட்டம் இருப்பதால் பொழுது படமுன் முடித்துவிடுவோம் என்று சொல்லியனுப்பினேன். ஒரு போத்தல் கொண்டுவந்தால் போதும் என்றும் சொல்லியிருந்தேன். “எல்லாத்தையும் கொண்டு வாறன், ஐசே. இனி அது அங்க கிடந்து என்னத்துக்கு?” என்று கொட்டாஞ்சேனையாரிடமிருந்து பதில் வந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து கடையைச் சாத்தப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலாவதாக ஒருவரையும் அழைத்தேன். அவர் கொட்டாஞ்சேனையாருடைய கொம்பனியிலேயே பெரிய கிளாக்கர், எங்கள் பக்கம்தான் வீடு. இத்தாலி வைனைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்று ரயிலில் அளப்பார். காலையில் அவர் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் கொம்பனித் துரையின் காதில் இருக்கும். அதனால்தான் கூப்பிட்டேன். சாட்சி வேண்டுமே. கொட்டாஞ்சேனையார் என் வீட்டில் பிடிபட்டால் அவர் வேலைக்கே உலை வைத்த மாதிரி என்று எனக்குத் தெரியும். வைத்தால் வைக்கட்டும் என்றுதான் இருந்தேன், அவ்வளவு கோபம்.

பொறிக்குள் வைக்க என்னிடம் ஒரு பொருள் இருந்தது. நத்தார்ப் பண்டிகைக்குத் திறந்து பாதி குடித்த போத்தல் ஒன்று துறைமுகத்தில் என் கந்தோர் அலுமாரியில் மறந்துபோய்க் கிடந்தது. அந்த வெக்கையில் அது சுத்த வினாகிரியாக, புளித்த காடியாக மாறியிருந்தது. திறந்தால் கண் எரியும். அதைக் கண்ணாடி ஜக்கில் ஊற்றி, கடைசிக் கப்பலில் கிழவர் எனக்கென்று தந்த விசேஷ வைன் என்று சொல்லி முதலில் கொடுப்பது என் திட்டம். நேர்மையான மனுஷனென்றால் முன்புபோல, கானுக்குள் ஊற்று என்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். என் வைனைக் குறை சொன்னால் நான் அவருடைய போத்தல்களைப் பற்றிக் கேட்பேன் என்று பயந்து புகழ்வார். புகழ்ந்தால் கள்வன்.

ஆட்டிறைச்சிப் பிரட்டல் நானே சமைத்தேன், மிளகாய்த்தூள் குறைத்து. அரிசிக்குத் தட்டுப்பாடு என்பதால் சோற்றுக்குப் பதில் பேக்கரிப் பாண். தெருப்பக்க யன்னலை மூடினேன். எதிரி நாட்டு வைன், பொலிஸ்காரன் மூக்கு எப்படிப்பட்டதோ. கொட்டாஞ்சேனையார் இரண்டு பனங்கூடைகளைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். போத்தல்களின் வைக்கோலில் தூசி அப்படியே இருந்தது. அடைப்பின் மேல் மெழுகு உடையவில்லை. மெழுகும் புறக்கோட்டையில் விற்கிறான்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் அமர்ந்ததும் ஜக்கை எடுத்துவந்து விசேஷக் கதையைச் சொன்னேன். முதலில் கொட்டாஞ்சேனையாருக்கும் பிறகு மற்ற இருவருக்கும் ஊற்றினேன். கொட்டாஞ்சேனையார் நிறத்தைப் பார்த்தார். கரண்டியால் எடுத்து, அந்தப் பழைய சத்தத்தோடு உறிஞ்சினார். முகத்தில் ஏதோ ஓடியது. என்னை ஒருமுறை பார்த்தார். படிக்கத்தில் துப்பினார்.

“அருமை, ஐசே. நல்ல பழுத்த பழம். இப்படி ஒண்டு நாங்க குடிச்சதே இல்ல.”

எனக்குள் வெடி கொளுத்திய மாதிரி இருந்தது. வாயைத் திறக்கப் போனேன். மேசைக்குக் கீழே என் காலை ஒருவர் மிதித்தார்.

“ஐசே, குசினியிலை என்னவோ அடிப்பிடிக்குது,” என்றார் பிரக்கிராசியார். குசினியில் அடுப்பே எரியவில்லை. அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“உமக்கென்ன பைத்தியமே? அது வினாகிரி.”

“தெரியும். நான்தான் வைச்சனான். கள்ளனைப் பிடிக்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. “கள்ளனோ? அந்தாளுக்கு மணம் தெரியாது, ஐசே. காய்ச்சலோடை போட்டுது. கொம்பனிக்குத் தெரிஞ்சால் வேலையாலை நிப்பாட்டலாமோ, சட்டம் என்ன சொல்லுது எண்டு என்னட்டைக் கேட்டுக்கொண்டு திரியிறார். கொம்பனி இன்னும் பிடிக்கேல்லை. இப்ப தேயிலையை அரசாங்கம் மொத்தமா வாங்கிறதாலை ருசி பாத்து விலை போடுற வேலை குறைவு, அதிலை தப்பியிருக்கிறார்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“உமக்கு மட்டும் சொல்ல வேண்டாம் எண்டு கெஞ்சினவர். தன்ரை நாக்கிலை நீர் வைச்சிருக்கிற மதிப்புப் போயிடுமாம்.” பிறகு கதவைக் காட்டினார். “நீர் அங்கை யாரை இருத்தியிருக்கிறீர் எண்டு தெரியுமோ?”

தெரியும். கதவைத் தள்ளித் திறந்தேன். ஓடிவந்தோம்.

பெரிய கிளாக்கர் ஒரு வாய் குடித்திருந்தார். முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது. கிளாஸை ஒருமுறை பார்த்தார், கொட்டாஞ்சேனையாரை ஒருமுறை பார்த்தார். “இதையா அருமை எண்டனீர்? நீர்தானே எங்கடை கொம்பனிக்கு ருசி பாக்கிறது?” என்றார். கொட்டாஞ்சேனையாரின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

நான் கிளாஸை நிரப்பி ஒரே மூச்சில் குடித்தேன். தொண்டையிலிருந்து குடல் வரைக்கும் அது போன வழி தெரிந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், கத்தவா முடியும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவர் சொன்னால் சொன்னதுதான். இப்பிடி ஒண்டு இனிக் கிடையாது,” என்றேன்.

பிரக்கிராசியார் அண்ணாந்து தன் பங்கை வாய்க்குள் ஊற்றினார். “இந்தப் புளிப்புத்தான் இத்தாலி வைனின்ரை லட்சணம்,” என்றார், கோட்டில் சட்டம் சொல்கிற குரலில். “தெரியாத ஆக்கள்தான் முகத்தைச் சுளிப்பினம்.”

பெரிய கிளாக்கர் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். மெதுவாக இன்னொரு வாய் குடித்தார். “ஓம் ஓம். நானும் அதைத்தான் சொல்ல வந்தனான். ஃபர்ஸ்ட் கிளாஸ்.” அவருக்கு மேலும் ஊற்றினேன். அந்த ஒரு விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

பிறகு கொட்டாஞ்சேனைப் போத்தலைத் திறந்தோம். அது வைன். வெயிலும் துவர்ப்பும் கப்பலில் குடித்த அதே சுவையும் அப்படியே இருந்தன. அதைப் போல வைனை நான் பிறகு குடித்ததில்லை, அதைப் போல வெட்கத்தோடும் எதையும் குடித்ததில்லை. இப்போது ஒவ்வொரு தரமும் நானே முந்திக்கொண்டு சத்தமாகச் சொன்னேன், அவர் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும் என்று. அவரோ தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

பொழுது மங்க மற்ற இருவரும் போனார்கள். கொட்டாஞ்சேனையார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒரு விசயம் சொல்லணும். காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு மணம் ஒண்டும் தெரியுறதில்ல. நாக்கு மட்டும் மிச்சம் இருந்திச்சு. புளிப்பு, கசப்பு, துவர்ப்பு. அத வச்சுத்தான் கந்தோர்ல சமாளிச்சன். இண்டைக்கு அதுவும் போயிட்டுது.”

“என்ன சொல்லுறீர்?”

“உங்கட விசேஷ வைன் எனக்கு வினாகிரி மாதிரிப் பட்டிச்சு. சொல்ல வாயெடுத்தன். பிறகு யோசிச்சன், நீங்க எனக்கு வினாகிரி தருவீங்களா? அப்ப என்ட நாக்குத்தான் பிழை. நீங்க எல்லாரும் நல்லம் எண்டு குடிச்சாப்பிறகு முடிவாத் தெரிஞ்சிட்டுது. திங்கட்கிழமை துரையிட்டச் சொல்லி வேலைய விட்டிருறன்.”

“ஐசே, அது வினாகிரிதான்.”

“என்னைத் தேத்த வேணாம்.” அவர் என்னை நம்பவில்லை. அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னைச் சந்தேகித்தது அன்றுதான்.

ஜக்கையும் போத்தலையும் கொண்டுவந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார். மாற்றி மாற்றிக் கரண்டியில் கொடுத்தேன். “வைன்.” “வினாகிரி.” “வினாகிரி.” “வைன்.” ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அது நனைந்திருந்தது.

“அப்ப நாக்கு இருக்கு,” என்றார். ஜக்கைக் கையால் காட்டி, “நீங்க ஏன் அதக் குடிச்சு நல்லம் எண்டீங்க?”

“பெரிய கிளாக்கர் இருந்தவர். அதாலை.”

“அவர ஆரு கூப்பிட்டது?”

“நான்தான்.”

“போத்தல் மாறிப்போச்சாக்கும்?”

அவரே எனக்கொரு வழி திறந்துவிட்டார். ஓம் என்று தலையாட்டியிருக்கலாம். எனக்கு அது முடியவில்லை. “மாறேல்லை,” என்றேன்.

அவர் தொப்பியைத் தலையில் வைத்தார். மேசையருகே போய், வினாகிரி ஜக்கை எடுத்து, அதன் வாயில் ஒரு துணியைக் கட்டினார். “இத நான் கொண்டுபோறன். நாக்கப் பழக்கிப் பாக்க உதவும். திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம்.” ஜக்கைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு பஸ் ஏறக் காலி வீதிப் பக்கம் நடந்தார்.

நல்ல போத்தல்கள் எல்லாம் என் மேசையில் நின்றன. பின்னால் போய், அவற்றையும் கொண்டுபோகும்படி சொன்னேன். அவர் நின்று திரும்பினார்.

“உங்களிட்டயே இருக்கட்டும், ஐசே. உங்களிட்ட இருந்தாத்தான் பத்திரம்.”

அதை அவர் மனதாரச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.