நல்லெண்ணெய் பூசிய பாதம்

படிப்பைப் பாதியில் விட்டபின் எத்தனையோ வாடகை அறைகளில் கிடந்திருக்கிறேன். நினைவில் நிற்பது நான் இருந்திராத ஓர் அறை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஜெர்மனியிலிருந்து வந்து லண்டன் மோர்டனில் குடியேறிய முதல் வருடம், எங்கள் மேல்மாடி அறையில் ஒரு சீன அக்கா வாடகைக்கு இருந்தாள். சிறுமியாகவே தன் நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் ஆடியவள். கணுக்கால் முறிந்ததும் அனுப்பிவிட்டார்கள். இங்கே குழந்தைகளுக்குக் குட்டிக்கரணம் பழக்கினாள். இருவருக்கும் ஒரேயளவு ஆங்கிலம்தான் தெரியும், அதனாலேயே சிநேகிதமானோம்.

ஒரு சனிக்கிழமை அவளுக்குத் தேர்வு. தேறினால் ஒரு கிளப்புக்காக மறுபடி போட்டிகளில் இறங்கலாம். அவள் வயதுக்கு அது கடைசிச் சந்தர்ப்பம் என்றார் அப்பா. காலையில் அவள் நொண்டியபடி படியிறங்கினாள். அம்மா விடவில்லை. கதிரையில் இருத்தி, உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உள்ளங்கால் வரை தேய்த்துவிட்டார்.

“அம்மா, வழுக்கும்! அவ பீமில ஏற வேணும்.”

“நீ சும்மா இரடி. நோவோட ஏற ஏலுமே?”

அக்கா சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினாள். ஆனாலும் நானும் அவளும் போன பஸ் முழுக்க உள்ளி மணந்தது. நல்லெண்ணெய் லேசில் போகாது. எங்கள் வீட்டுத் தலையணைகளைக் கேட்டால் தெரியும்.

பீம் என்பது என் உயரத்துக்கு நின்ற கட்டை. ஒரு பாதம் வைக்கத்தான் அகலம். அவள் கால்களில் வெள்ளைப் பொடியை அள்ளிப் பூசி ஏறினாள். நடந்தாள், தலைகீழாக நின்றாள், பின்புறம் வளைந்து புரண்டாள். ஒவ்வொரு முறை பாதம் கட்டையைத் தேடியபோதும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். கடைசியாக நுனிக்கு வந்து கைகளை உயர்த்தினாள். அங்கிருந்து அந்தரத்தில் கரணமடித்துக் குதிக்க வேண்டும். நின்றாள். மறுபடி கைகளை உயர்த்தினாள். பிறகு கட்டையில் உட்கார்ந்து, நல்ல காலை முதலில் ஊன்றி மெதுவாக இறங்கினாள்.

யாரும் கைதட்டவில்லை. நான் மட்டும் தட்டினேன்.

வீட்டு வாசலிலேயே கத்தினேன்: “அம்மா, அக்கா விழேல்லை!”

“பாத்தியே? நீதான் வழுக்கும் எண்டு கத்தினனி.” அம்மா அக்காவின் தட்டில் புட்டைக் குவித்தார். “எண்ணெய் வேலை செய்திட்டுது. என்ன பிள்ளை?”

“ஓம்,” என்றாள் அக்கா. அவள் பழகியிருந்த ஒரே தமிழ்ச் சொல்.

சாப்பிட்டு முடிந்ததும் போட்டிகளில் அணியும் தன் ஆட்டச் சட்டையை எனக்குத் தந்தாள். தொளதொளவென்று அதை மாட்டிக்கொண்டு கதிரையிலிருந்து திரும்பத் திரும்பக் குதித்தேன். அவள் சுவரில் சாய்ந்திருந்து, ஒவ்வொரு முறையும் கைதட்டினாள். நான் அவ்வளவு நன்றாகக் குதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.